உடைந்த பலகை: ‘பாங்க்ரப்ட்சி’ என்னும் சொல்லைப் பற்றிச் சில எண்ணங்கள்

சென்ற கோடை விடுமுறையின்போது நம் இல்லத்துக் கூடத்தில் சிறுவர் நால்வர் ‘மொனோபலி’ ஆடிக்கொண்டிருந்தனர். நிலம் வாங்குவதும் வீடு கட்டுவதும் வாடகை வசூலிப்பதுமாகக் காகிதப் பணத்தில் நடைபெறும் விளையாட்டு அது. ஆட்டத்தின் நடுவே ஒருவனுடைய கைப்பணம் முற்றும் கரைந்துபோயிற்று. உடனே மற்ற மூவரும், “பாங்க்ரப்ட்! பாங்க்ரப்ட்!” என்று கைகொட்டி ஆர்ப்பரித்தனர். தோற்றவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். அவ்வமயம் நம்மைக் காண வந்திருந்த முதியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “பிள்ளைகள் விளையாட வேறு சொல்லே கிடைக்கலியா, வாத்தியாரையா?” என்று மெல்லிய குரலில் கேட்டார்.

அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிற்றூர்க் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் என்று சொன்னாற் போதும். இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. கடனுக்குத் துணி எடுத்த குடும்பங்களால் பணத்தைத் திருப்பித்தர இயலவில்லை. மொத்த வியாபாரிகளுக்கு இவர் தரவேண்டிய தொகையோ வட்டியோடு வளர்ந்துகொண்டே போயிற்று. முடிவில் ஒரு நாள் வழக்கறிஞரோடு நீதிமன்றத்துக்குச் சென்று ‘ஐ.பி.’ கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் ஒன்று உண்டு. கடைக்கும் ஒரு புனிதரின் பெயர் இருந்தது. ஊரார் இரண்டையும் மறந்தனர். ‘மஞ்சள் கடுதாசிக்காரர்’ என்பதே அன்றுமுதல் அவர் பெயராயிற்று. பல ஆண்டுகள் கழித்து மகளுக்கு வரன் பார்த்தபோதும், வந்தவர்கள் முதலில் விசாரித்தது பெண்ணின் படிப்பையன்று, அந்தக் கடுதாசியைத்தான்.

அவர் விடைபெற்றுச் சென்ற பின்னரும் அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அகராதிகளையும் சட்டநூல்கள் சிலவற்றையும் எடுத்துப் புரட்டினோம். கண்டவற்றுள் சிலவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலச் சொல் என்று நாம் கருதும் இதன் பிறப்பிடம் இங்கிலாந்து அன்று, இத்தாலி. இடைக்காலத்து இத்தாலிய நகரங்களில் நாணயமாற்றுத் தொழில் செய்தோர் சந்தைவெளியில் ஒரு பலகையை இட்டு, அதன்மேல் காசுகளைப் பரப்பி வாணிகம் நடத்தினர். பலகைக்கு அவர்கள் மொழியில் ‘பாங்கா’ என்று பெயர். நாம் ‘பாங்கி’ என்றும் ‘வங்கி’ என்றும் வழங்குவதும் அந்தப் பலகையின் வழித்தோன்றலே. கொடுக்கல் வாங்கலில் சொன்ன சொல்லைக் காக்க இயலாதவனின் பலகை உடைந்ததாகக் கொள்ளப்பட்டது. ‘பாங்கா ரோட்டா’ என்றால் உடைந்த பலகை. கடன்பட்டவனின் பலகையை மக்கள் கூடி உண்மையாகவே சம்மட்டியால் உடைத்தனர் என்றொரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அஃது உருவகமாகவே இருந்திருத்தல் கூடும் என்று கருதுவோரும் உளர். நமக்கும் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. நாம் ‘அவன் வயிற்றில் அடித்துவிட்டார்கள்’ என்று சொல்லும்போது யாரும் கம்பைத் தேடுவதில்லை அன்றோ? பதினாறாம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்துள் புகுந்தது. இத்தாலியரின் ‘ரோட்டா’ அங்கே இலத்தீன் வடிவை ஒட்டி ‘ரப்ட்’ ஆயிற்று.

நம் மொழியில் இதற்கு ஈடான சொற்கள் பல. ‘திவால்’ என்பது வடநாட்டு வழக்கிலிருந்து வந்தது. கடனை அடைக்க வழியற்ற வணிகன் பட்டப்பகலில் கடைவாயிலில் ஒரு விளக்கை ஏற்றிவைத்துத் தன் நிலையை அறிவிப்பானாம். அதனால் வந்த பெயர் என்பர். ‘நொடித்துப் போன குடும்பம்’ என்று நம் பாட்டிமார் சொல்வதில் பழியைவிட இரக்கமே மிகுதி. ‘ஐ.பி. கொடுத்தல்’ என்பது ‘இன்சால்வென்சி பெட்டிஷன்’ என்னும் நொடிப்பு மனுவின் முதலெழுத்துகள். அதற்கான அறிவிப்பு மஞ்சள் தாளில் வந்தமையால் ‘மஞ்சள் கடுதாசி’ தோன்றிற்று என்று சொல்லப்படுகிறது. மங்கலத்துக்குரிய மஞ்சள் நிறம் இந்த ஓரிடத்தில் மட்டும் அமங்கலமாயிற்று. இலங்கைத் தமிழரோ ‘வங்குரோத்து’ என்பர். கடல்வழி வந்த ஐரோப்பியரின் வாயிலாக, அதே உடைந்த பலகை அவர்கள் நாவில் அவ்வாறு தங்கிவிட்டது.

சொல்லை இத்துடன் நிறுத்தி, செயலுக்கு வருவோம். கடனைத் திருப்பித்தர இயலாதவனை என்ன செய்வது என்பது மனிதகுலத்தின் பழைய கேள்வி. பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல், ஏழாண்டுகளுக்கு ஒருமுறை கடன்களை விட்டுவிடுமாறு கட்டளையிடுகிறது. பழைய உரோமைச் சட்டமோ கடனாளியை அடிமையாக விற்கவும் இடமளித்தது. இவ்விரண்டுக்கும் இடையே ஐரோப்பா பல நூற்றாண்டுகள் தடுமாறிற்று. அத்தடுமாற்றத்தின் நடுவே நம் இல்லங்கள்தோறும் அறிமுகமான ஒருவரைச் சந்தித்தபோது நாம் வியப்புற்றோம். அவர் பதுவைப் பதியராம் புனித அந்தோனியார்.

காணாமற்போன திறவுகோலுக்கும் கன்றுக்குட்டிக்கும் அவரை வேண்டிக்கொள்ளும் நம்மவருள் எத்தனை பேர் இதை அறிவர்? 1231-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், தம் மரணத்துக்கு மூன்று மாதங்கள் முன்னதாக, அவர் பதுவா நகர ஆட்சியாளரிடம் ஒரு வேண்டுகோளை முன்வைத்தார். கடன்பட்டவர்கள் சிறையில் அடைக்கப்பட்டு, பணம் வரும்வரை அங்கேயே கிடக்கவேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். சிறையில் இருப்பவன் எங்ஙனம் உழைத்துக் கடனை அடைப்பான்? அந்தோனியாரின் வேண்டுகோளுக்கு இணங்கி நகர மன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. தன் உடைமைகளை எல்லாம் கடன்கொடுத்தோரிடம் ஒப்படைத்துவிட்டவனை இனிக் கடனுக்காகச் சிறைப்படுத்தலாகாது என்பது அதன் சாரம். சட்டத்தின் வாசகத்திலேயே சகோதரர் அந்தோனியின் வேண்டுகோள் குறிக்கப்பட்டுள்ளது.

ஆயினும் மனிதர் அவமானத்தை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. பதுவா நகரின் நீதிமன்றமாக விளங்கிய ‘பலாஸ்ஸோ தெல்லா ராஜோனே’ என்னும் பெருமாளிகையில் ஒரு கருங்கல் இருக்கை இன்றும் உள்ளது. ‘இழிவின் கல்’ என்று அதற்குப் பெயர். சிறைக்குத் தப்பிய கடனாளி, மேலாடை களைந்து உள்ளாடையோடு, திரண்ட மக்கள் முன்னிலையில் அக்கல்லின்மேல் மும்முறை அமர்ந்தெழுந்து, “உடைமைகளைத் துறக்கிறேன்” என்னும் பொருள்படும் ‘செதோ போனிஸ்’ என்ற இலத்தீன் வாசகத்தைச் சொல்லவேண்டும். பின்பு நகரைவிட்டே வெளியேறவேண்டும். சட்டம் அவன் உடலை விடுவித்தது. ஊர் அவனுடைய மானத்தைப் பிணையாக வைத்துக்கொண்டது. நம் நண்பரின் கடைவீதியிலும் அத்தகைய கல் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது போலும்.

இங்கிலாந்தின் கதை இதனினும் கடுமையானது. எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1542-இல் இயற்றப்பட்ட முதற் சட்டம் ‘பாங்க்ரப்ட்’ ஆனவனைக் குற்றவாளியாகவே நோக்கிற்று. 1705-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முதன்முறையாக, தன் கணக்குகளை ஒளிவுமறைவின்றி ஒப்படைக்கும் வணிகனுக்கு மீதிக் கடனிலிருந்து விடுதலை என்னும் வழி பிறந்தது. அதே சட்டம், சொத்தை மறைக்கும் மோசக்காரனுக்கு மரணதண்டனையும் விதித்தது. ஒரே தாளில் ஒரு புறம் மன்னிப்பும் மறுபுறம் தூக்குக்கயிறும் எழுதப்பட்டிருந்தன.

அன்றியும் அந்த விடுதலை வணிகர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. வணிகரல்லாத கடனாளிகளுக்கு 1861 வரையில் ‘பாங்க்ரப்ட்’ ஆகும் உரிமையே இல்லை. ஆம் அன்பர்களே, உரிமை என்றே சொல்கிறோம்! எழுத்தரும் ஆசிரியரும் உழவரும் நொடித்தால் அவர்களுக்குக் காத்திருந்தது கடன்சிறை. அவ்வாறு சிறை சென்றவர்களுள் கடற்படையின் சம்பள அலுவலகத்தில் எழுத்தராயிருந்த ஜான் டிக்கன்ஸ் ஒருவர். ஒரு ரொட்டிக்கடைக்காரருக்கு ஏறத்தாழ 40 பவுன் தரவேண்டியிருந்ததற்காக 1824 பிப்ரவரியில் இலண்டனின் மார்ஷல்ஸி சிறையில் அடைக்கப்பட்டார். மனைவியும் இளைய பிள்ளைகளும் சிறைக்குள்ளேயே அவரோடு குடியேறினர். பன்னிரண்டு வயது மகன் சார்லஸ் மட்டும் வெளியே தங்கி, காலணி மெருகு தயாரிக்கும் சாலை ஒன்றில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை செய்தான். தந்தை சட்டப்படி விடுதலை கோரியபோது, குடும்பத்தாரின் உடைகளும் சொந்தப் பொருள்களும் 20 பவுனுக்கு மேற்படலாகாது என்ற விதி இருந்தமையால், அச்சிறுவன் அணிந்திருந்த சட்டையையும் தொப்பியையும் கூட அதிகாரி ஒருவர் பார்த்து மதிப்பிட்டார்.

அச்சிறுவனே பிற்காலத்தில் ஆங்கில நாவல் உலகின் சிகரமாய் விளங்கிய சார்லஸ் டிக்கன்ஸ். ‘லிட்டில் டாரிட்’ என்னும் பெருநாவலின் களமே மார்ஷல்ஸி சிறைதான். எனினும், அந்நாள்களைப் பற்றி அவர் நெருங்கிய நண்பர் ஃபார்ஸ்டரிடம் மட்டுமே மனந்திறந்து கூறினார். 1870-இல் அவர் மறைந்த பின்னர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றினின்றுதான் பெற்ற பிள்ளைகளே அதை அறிந்துகொண்டனர். கடன் மூன்று மாதச் சிறையோடு முடிந்தது. அதன் நாணம் நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு மேதையின் நாவைக் கட்டிப்போட்டிருந்தது. இதை வாசித்தபோது, மகளுக்கு வரன் பார்த்த அந்த ஜவுளிக்கடைக்காரரின் முகமே நம் கண்முன் வந்து நின்றது.

சரி, சட்டத்தின் நாவில் இச்சொல்லுக்கு இன்று என்ன பொருள்? நம் நாட்டில் 2016-இல் இயற்றப்பட்ட சட்டத்தொகுப்பு தன் பெயரிலேயே இரண்டு சொற்களை இணைத்து வைத்திருக்கிறது. ‘இன்சால்வென்சி’ என்னும் நொடிப்பு ஒரு நிலைமை: கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவேண்டிய நாளில் கொடுக்க இயலாமை. ‘பாங்க்ரப்ட்சி’ என்னும் திவாலோ ஒரு தீர்ப்பு: அந்நிலைமையை ஆராய்ந்து நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணை. காய்ச்சல் வேறு, மருத்துவமனையில் சேர்ப்பது வேறு என்பது போல. மாதக் கடைசியில் பையில் காசில்லாத இளைஞன் “நான் பாங்க்ரப்ட்” என்று சொல்லிக்கொள்கிறானே, அவன் இரண்டுமல்லன். அவனுக்குச் சம்பளம் வரவில்லை, அவ்வளவே. வறுமையும் திவாலும் ஒன்றல்ல. கடன் கொடுக்கும் அளவுக்கு ஒருவனை யாரேனும் நம்பினாலன்றி அவன் திவாலாகவே முடியாது. பரம ஏழைக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாநகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் பிற பகுதிகளுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் என, இரண்டு பழஞ்சட்டங்கள் தனிமனிதரின் நொடிப்பை நெடுங்காலம் ஆண்டுவந்தன. நம் நண்பர் கொடுத்த மனு இரண்டாவதன் கீழ் அமைந்தது. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுச் செய்யலாம் என்று அதில் எழுதப்பட்டிருப்பது அது பிறந்த காலத்தின் அடையாளம். ஆணை பிறந்ததும் கடனாளியின் சொத்து அவன் கையைவிட்டு நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் அலுவலரின் பொறுப்புக்குச் செல்லும். அவர் அதை விற்றுக் கடன்கொடுத்தோருக்கு உரிய விகிதத்தில் பங்கிடுவார். உரக்கக் கூச்சலிட்டவனுக்கு முழுத்தொகை, வாய் திறவாத விதவைக்கு ஒன்றுமில்லை என்ற அநியாயம் நேராதிருக்கவே இந்த ஏற்பாடு.

எல்லாச் சொத்தும் போய்விடுமோ என்றால், அதுவும் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவை அன்பர்கள் ஒருமுறை வாசித்தல் நலம். கடனாளிக்கும் அவன் மனைவி மக்களுக்கும் இன்றியமையாத உடுதுணி, சமையல் பாத்திரங்கள், படுக்கை; சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றலாகாத அணிகலன்கள்; கைத்தொழிலாளியின் கருவிகள்; உழவனின் ஏரும் மாடும் விதைநெல்லும் ஆகியவற்றைக் கடனுக்காகப் பற்றலாகாது என்று அது விலக்கு அளிக்கிறது. நொடிப்புச் சட்டமும் அவ்விலக்கை ஏற்கிறது. வட்டிக்கடைக்காரர்கள் வாசலில் நின்று அடுக்களைப் பாத்திரத்தை அள்ளிச் செல்லும்போதும், மனைவியின் தாலிச் சரட்டைக் கழற்றச் சொல்லும்போதும், தம் பக்கம் நிற்க இத்தகைய ஒரு பிரிவு உண்டென்பதை எத்தனை குடும்பங்கள் அறிந்திருக்கின்றன? திவால் என்னும் சொல்லுக்கு அஞ்சி நீதிமன்றத்தின் படியேற நாணுகிறவர்கள், அச்சொல்லுக்குள் தமக்கென வைக்கப்பட்டிருக்கும் பாதுகாப்பையும் இழந்துவிடுகின்றனர். சிலர் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடுகின்றனர். சிலர் அதனினும் கொடிய முடிவுக்குக் குடும்பத்தையே இழுத்துச் செல்கின்றனர். அத்தகைய செய்தியை நாளிதழில் வாசிக்கும்போதெல்லாம், ஒரு வழக்கறிஞரை முன்கூட்டியே பார்த்திருந்தால் என்ற எண்ணம் நம்மை வருத்தாமல் இருப்பதில்லை.

இவ்வாறு எழுதுவதால், கடன்கொடுத்தோரின் கண்ணீரை நாம் மறந்துவிட்டதாக யாரும் எண்ணவேண்டா. மக்கள் இச்சொல்லை வெறுப்பதற்குத் தக்க காரணங்களும் உண்டு. 1906 அக்டோபர் 22-இல் சென்னையின் பெருநிறுவனமாகிய அர்பத்நட் கம்பெனி கதவடைத்தபோது, வெள்ளையர் நிறுவனம் விழாது என்று நம்பித் தம் வாழ்நாள் சேமிப்பை அங்கே இட்டிருந்த பல்லாயிரவர் நடுத்தெருவில் நின்றனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. போன பணம் போனதுதான். அக்கொந்தளிப்பிலிருந்தே வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. நம் காலத்திலும் சீட்டு நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் கவிழ்ந்து, ஓய்வூதியப் பணத்தைத் தொலைத்த ஆசிரியர்களை நாம் நேரில் அறிவோம். சொத்தை மனைவி பெயருக்கும் மைத்துனன் பெயருக்கும் மாற்றி எழுதிவிட்டு மஞ்சள் கடுதாசி நீட்டும் சாமர்த்தியசாலிகளும் இல்லாமலில்லை. ஆனால், இவர்களுக்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. சொத்தை மறைப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மோசடியால் ஏற்பட்ட கடன், விடுதலை ஆணையாலும் தீர்வதில்லை. நொடித்தவனையும் மோசக்காரனையும் பிரித்தறியச் சட்டத்துக்குத் தெரியும். இருவருக்கும் ஒரே பெயர் சூட்டுவது கடைவீதிதான்.

கடனை மனச்சான்றின்படி தீர்த்தவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயினைச் சான்று காட்டுவது வழக்கம். அவருடைய பதிப்பகம் 1887-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் (நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த அதே பாப்பரசர்தாம்) வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டது. உலகெங்குமுள்ள கத்தோலிக்கர் அனைவரும் வாங்குவர் என்று ட்வெயின் கோட்டை கட்டினார். நூல் எதிர்பார்த்தபடி விற்கவில்லை; நம்மவர் புத்தகம் வாங்கும் பழக்கத்தைக் குறித்து இதற்குமேல் ஒன்றும் சொல்லாதிருப்பதே நன்று. அச்செழுத்துகளைத் தானே கோக்கும் இயந்திரம் ஒன்றிலும் பெரும்பொருளைக் கொட்டித் தொலைத்தார். 1894 ஏப்ரலில் பதிப்பகம் திவாலாயிற்று. சட்டப்படி ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு விலகியிருக்கலாம். அவரும் அவருடைய மனைவி ஒலிவியாவும் முழுத்தொகையையும் கொடுப்பதென்று உறுதிபூண்டனர். ஏறத்தாழ அறுபது வயதில் உலகைச் சுற்றிச் சொற்பொழிவு ஆற்றப் புறப்பட்டார். 1896-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து மேடையேறினார். 1898-இல் கடைசிக் காசும் அடைக்கப்பட்டது.

போற்றத்தக்க செயல்தான், ஐயமில்லை. எனினும் ஒன்றைக் கூறியாகவேண்டும். ட்வெயினுக்கு உலகப்புகழ் இருந்தது. கணக்குகளைச் சீர்செய்து கொடுக்க ஹென்றி ராஜர்ஸ் என்னும் எண்ணெய்க் கம்பெனிச் செல்வர் துணைநின்றார். மழை பொய்த்த ஊரின் ஜவுளிக்கடைக்காரர் எந்த மேடையில் ஏறுவார்? ட்வெயினை உரைகல்லாக வைத்து மற்றவர்களை உரசிப்பார்ப்பது நியாயமாகாது.

இனி, இச்சொல் சட்டத்தைவிட்டு வெளியே உலவும் விதத்தைச் சிறிது நோக்குவோம். ‘மாரல் பாங்க்ரப்ட்சி’ என்பது ஆங்கில ஏடுகளில் நாள்தோறும் காணும் தொடர். ஒழுக்கத்தில் ஒன்றுமே மிஞ்சாதவன் என்பது கருத்து. நம் மேடைகளிலும் ‘கொள்கைத் திவால்’, ‘அரசியல் வங்குரோத்து’ என்று கட்சியினர் ஒருவரையொருவர் சாடுகின்றனர். உவமையாகக் கொண்டால் இது பிழையுடைய உவமை. உண்மைத் திவாலில் கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறது, இருப்பது பங்கிடப்படுகிறது, ஒரு நாள் முடிவும் வருகிறது. வசையாக வழங்கும்போதோ முடிவே இல்லை. அந்த வசை மீண்டும் மூலத்துக்கே திரும்பிவந்து, கடனில் வீழ்ந்த நேர்மையாளனையும் ஒழுக்கங்கெட்டவன்போல் காட்டிவிடுகிறது.

நிறுவனங்களைப் பற்றிய செய்திகளிலும் குழப்பம் உண்டு. 2009 ஜூன் முதல் நாள் ஜெனரல் மோட்டார்ஸ் ‘பாங்க்ரப்ட்’ ஆனது என்ற செய்தி வந்தபோது, அத்துடன் அக்கம்பெனி மூடப்பட்டது என்றே நம்மில் பலர் எண்ணினோம். அமெரிக்கச் சட்டத்தின் பதினோராம் அத்தியாயம் என்பது தொழிலைத் தொடர்ந்து நடத்தியபடியே கடனைச் சீரமைக்கும் வழி. நாற்பது நாள்களில் புதிய வடிவில் அது வெளியே வந்தது. இங்கிலாந்திலோ ஒரு கம்பெனியைச் சட்டப்படி ‘பாங்க்ரப்ட்’ என்று சொல்வதே இல்லை. அச்சொல் அங்கே தனிமனிதர்க்கு மட்டும் உரியது. அம்மனிதருக்கும் பெரும்பாலும் ஓராண்டிலேயே விடுதலை கிடைத்துவிடுகிறது.

நாடுகளுக்கோ அப்படியொரு நீதிமன்றமே கிடையாது. 2022 ஏப்ரல் 12-இல் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ‘வங்குரோத்து’ என்னும் சொல் அவ்வாண்டு யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடை முதல் கொழும்பு நாடாளுமன்றம் வரை ஒலித்தது. எரிவாயு உருளைக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள் முழுவதும் வரிசையில் நின்ற தாய்மாருக்கு அச்சொல்லின் பொருளை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஒரு குடும்பம் நொடித்தால் அதன் சமையல் பாத்திரத்தைப் பற்றலாகாது என்று சொல்ல ஒரு சட்டப்பிரிவு உண்டு. ஒரு நாடு நொடித்தால் அப்படிச் சொல்ல எவருமில்லை. கடன்கொடுத்த அரசுகளோடும் பத்திரதாரர்களோடும் பேசிப்பேசி உடன்பாடு காண இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இவ்வளவையும் குறித்துவைத்திருந்த நிலையில், சில வாரங்களுக்குப் பின் அந்த முதியவர் மீண்டும் நம் இல்லம் வந்தார். நாம் வாசித்தவற்றுள் சிலவற்றை அவரிடம் கூறினோம். பதுவை அந்தோனியாரின் சட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, “எங்கள் கோவில் பாதுகாவலரும் அவர்தானே, வாத்தியாரையா! ஒரு பிரசங்கத்தில்கூட இதை நான் கேட்டதில்லையே” என்று வியந்தார். பின்பு சிறிது தயங்கித் தம் பையிலிருந்து, நெகிழித்தாளில் சுற்றிய பழைய காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட நீதிமன்ற ஆணை. மடிப்புகளில் கிழிந்து, ஓரங்கள் பழுத்திருந்தன. வழக்கறிஞர் கொடுத்தநாள் முதலாகத் திருமண ஓலையோடு சேர்த்துத் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறாராம்.

“எல்லாம் முடிந்துவிட்டது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் வக்கீலையா சொன்னார். இதில் என்ன எழுதியிருக்கிறதென்று நான் யாரையும் கேட்டதில்லை. பேரன் படிக்கிறான், அவனிடம் கேட்க வெட்கமாயிருக்கிறது” என்றார்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தோம். கணக்குகள் முறையாக ஒப்படைக்கப்பட்டன. மறைப்பு ஏதும் காணப்படவில்லை. ஆகவே மனுதாரருக்கு முழுமையான ‘டிஸ்சார்ஜ்’ அளிக்கப்படுகிறது என்பது அதன் சாரம்.

“டிஸ்சார்ஜா? ஆஸ்பத்திரியிலே சொல்வார்களே, அதுவா?”

“அதே சொல்தான், ஐயா.”

அவர் காகிதத்தை வாங்கி, அந்தச் சொல் எந்த வரியில் இருக்கிறதென்று விரலால் காட்டச் சொன்னார். காட்டினோம். சிறிதுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூடத்தில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பெயர்சொல்லி அழைத்தார்.